தேனீயை எண்ணினால் விளைச்சலை அளந்ததாகுமா?

பல்லுயிரையும் வேளாண்மையையும் சேர்த்து ஆராயத் தொடங்கும் இளம் ஆய்வாளர்கள் அதிகம் சறுக்குவது ஓரிடத்தில்தான்: உயிரினங்களை எண்ணிவிட்டு, அவை செய்யும் சேவையையே அளந்துவிட்டதாக எழுதிவிடுவார்கள். வயலோரத்தில் தேனீ வகைகள் கூடின, எனவே மகரந்தச் சேர்க்கை மேம்பட்டது என்று முடிவுரை சொல்லும். இடையில் ஒரு கண்ணியைக் காணோம். பூவுக்கு வரும் பூச்சியெல்லாம் மகரந்தம் சேர்ப்பதில்லை. சில, பூவின் அடியில் துளையிட்டுத் தேனை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

சேவையைக் காட்ட வேண்டுமென்றால், சில பூக்களுக்குப் பூச்சி அண்டாதபடி வலைப்பை கட்டுங்கள். சிலவற்றுக்குக் கையால் மகரந்தம் இடுங்கள். மீதியை அப்படியே விட்டுவிட்டு, மூன்றிலும் காய்ப்பை ஒப்பிடுங்கள். கையால் இட்டதும் இயல்பாக விட்டதும் ஒரே அளவு காய்த்தால், அந்தப் பருவத்தில் அந்த வயலுக்கு மகரந்தப் பற்றாக்குறையே இல்லை. இன்னும் அதிகத் தேனீக்கள் வந்தாலும் காய்ப்பு அதிகரிக்காது. இப்படி வந்தால் பலர் முகம் வாடிவிடுகிறது. ஏன் என்று தெரியவில்லை, அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே!

அடுத்தது மாதிரிக் கணக்கு. பூச்சிகளை எண்ணுவதற்கென்று இயற்கை வேளாண் வயல் ஒன்றில் இருபது கட்டங்கள், ரசாயன வயல் ஒன்றில் இருபது கட்டங்கள், ஆக நாற்பது மாதிரிகள் என்று போடுவார்கள். உண்மையில் இருப்பது இரண்டே வயல். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் 1984-இலேயே இந்தப் பிழையை விளக்கிவிட்டார், இன்னும் ஒழியவில்லை. இயற்கை வயல் காட்டை ஒட்டியும் மற்றது தள்ளியும் இருந்துவிட்டால், வேறுபாடு சாகுபடி முறையால் வந்ததா காட்டால் வந்ததா என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கட்டங்களைக் குறைத்து, வயல்களைக் கூட்டுங்கள்.

பொறிகளையும் கண்மூடி நம்ப வேண்டாம். வண்ணக் கிண்ணப் பொறியில் (சோப்பு நீர் ஊற்றி வைக்கும் நிறக் கிண்ணம்) சிறு தேனீக்கள் நிறைய விழும், பெரியவை தப்பிவிடும்.

முன்னுரையில் வழக்கமாக வரும் வாக்கியம் ஒன்று: 'உலக உணவில் முக்கால் பங்கு தேனீக்களை நம்பியிருக்கிறது.' 2007-இல் வெளியான ஆய்வு சொன்னது வேறு. 115 முக்கியப் பயிர்களில் 87-க்கு, விலங்குகளால் நடக்கும் மகரந்தச் சேர்க்கை ஏதோ ஓரளவுக்கு உதவுகிறது. இது பயிர்களின் எண்ணிக்கை. உற்பத்தி அளவில் பார்த்தால் அந்தப் பயிர்களின் பங்கு சுமார் 35 விழுக்காடுதான். நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் பூச்சிகளை நம்பியில்லை.

இன்னொன்று, உழவரைக் கடைசியில் சந்திப்பது. வேலியோரப் புதர் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு மட்டுமல்ல, தானியம் தின்னும் பறவைகளுக்கும் எலிகளுக்கும் இடம் கொடுக்கும். நீங்கள் சேவை என்று எழுதுவதற்குப் பக்கத்தில் அவருடைய இழப்புக் கணக்கும் இருக்க வேண்டும். மருந்து தெளிக்கும் நாளையும் அறுவடை நாளையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வலைப்பை கட்டிய செடிகளை உங்களுக்காக யாரும் அறுக்காமல் விட்டுவைக்க மாட்டார்கள்.