கிளிங்கான்களைப் பின்தொடர்வது எப்படி? வேற்றுக்கிரக இனம் ஒன்றின் வளர்ச்சியைத் தொலைக்காட்சியில் காணும் முறை

வேற்றுக்கிரகவாசிகளை ஒப்பனையளவில் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் அறிவியல் புனைவுத் தொடர்கள் தரும் பெரிய இன்பம் ஒன்றை இழக்கிறார்கள். பல எழுத்தாளர்களின் கைகளில், பல ஆண்டுகளில், ஓர் இனம் எப்படி உருப்பெறுகிறது என்பதைக் காணப் பழகுவதற்கு 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்களில் வரும் கிளிங்கான்களே நல்ல தொடக்கம். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, ஒளிபரப்பான வரிசையிலேயே பாருங்கள்.

படி 1: முதல் வருகையைக் குறித்துக்கொள்ளுங்கள்

1967 மார்ச்சில் ஒளிபரப்பான 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி' என்ற அத்தியாயத்தில் கிளிங்கான்கள் முதன்முதலாக வருகிறார்கள். கருமை பூசிய முகமும் மீசையும் தவிர அவர்களுக்குத் தனி உருவம் எதுவும் இல்லை. செலவைக் குறைக்க வேண்டிய தொடருக்கு அதுவே இயன்றது. ஆயினும் ஜான் கோலிகோஸ் நடித்த கோர் என்ற தளபதி, மனிதர் தரப்போடு மூளவிருந்த போர் தடுக்கப்பட்டுவிட்ட கடைசிக் காட்சியில், அந்தப் போர் எத்தனை மகத்தானதாக இருந்திருக்கும் என்று வருந்துகிறார். பிற்காலத்தில் இந்த இனத்தின் உயிர்நாடியாகும் வீரப்பற்று இந்த ஒரு வசனத்தில் விதையாகக் கிடக்கிறது. ஆகவே, முதல் வருகையில் ஒப்பனையைவிட அந்த இனத்தார் எதற்காக வருந்துகிறார்கள், எதை விரும்புகிறார்கள் என்பதையே எழுதிவையுங்கள்.

படி 2: மொழியைக் கவனியுங்கள்

1979இல் வெளிவந்த முதல் திரைப்படத்தில்தான் கிளிங்கான்களுக்கு நெற்றி மேடுகளும் சில சொற்களும் கிடைத்தன. 1984இல் வந்த மூன்றாம் படத்துக்காக மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட் அதை முழு இலக்கணமுள்ள மொழியாக வளர்த்தார். அதற்கு அகராதியும் வெளிவந்தது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற சொல்வரிசையை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார், ஏனெனில் மனித மொழிகளில் அது மிக அரிது. இந்த அயல்தன்மை ஆங்கிலம் பேசுபவரை உலுக்கும் அளவுக்கு நம்மை உலுக்காது: 'சோறு உண்டேன் நான்' என்பது நமக்குக் கவிதைபோல ஒலிக்குமே ஒழியப் பிழையாக ஒலிக்காது. வினையோடு விகுதிகளை அடுக்குவதும், 'அவர் ஆசிரியர்' என்பதுபோல 'இரு' என்னும் வினையில்லாமலே வாக்கியம் அமைவதும் அம்மொழியிலும் உண்டு. தமிழ் வாசகர் கிளிங்கான் மொழியைச் சற்றே சொந்தத்தோடு அணுகலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 3: தன் இனத்தோடு முரண்படும் ஒருவரைத் தேடுங்கள்

இதுவே முக்கியமான படி. 1987இல் தொடங்கிய 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் மைக்கேல் டார்ன் நடித்த வோர்ஃப், மனிதப் பெற்றோரால் வளர்க்கப்பட்ட கிளிங்கான் என்பதால், தன் இனத்தின் நெறிகளை மற்றவர்களைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார். 1990இல் வந்த 'சின்ஸ் ஆஃப் தி ஃபாதர்' அத்தியாயத்தில், இறந்துபோன அவருடைய தந்தைமீது துரோகப் பழி சுமத்தப்படுகிறது. உண்மையான துரோகி வேறொருவர் என்பதை அறிந்திருந்தும், உள்நாட்டுப் போர் மூளக்கூடும் என்று அஞ்சிக் கிளிங்கான்களின் ஆட்சிப் பேரவை அதை மறைக்கிறது. வோர்ஃபோ தன் மக்களுக்காக அந்தப் பழியைத் தானே ஏற்று, தன் சமூகத்திலிருந்து விலக்கப்படுகிறார். மானத்தைப் போற்றும் சமூகத்தில் மானத்தைக் காப்பவர் வெளியேற்றப்பட்டவர்தான் என்ற இடத்தில், அதுவரை பகைவர் கூட்டமாக இருந்த இனம் அரசியலும் பொய்யும் துயரமும் கொண்ட சமூகமாகிறது. இந்த அத்தியாயத்தை இரண்டு முறை பாருங்கள்.

படி 4: முரண்பாடுகளைத் தவறென்று தள்ளாதீர்கள்

பழைய கிளிங்கான்களுக்கு ஏன் நெற்றி மேடுகள் இல்லை? 1996இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் இதே கேள்வி எழுகையில், அதை வெளியாரிடம் பேசுவதில்லை என்று சொல்லி வோர்ஃப் முடித்துவிடுகிறார். 2005இல் 'என்டர்பிரைஸ்' தொடர், மரபணு ஆய்வொன்றிலிருந்து பரவிய நோயைக் காரணமாகக் காட்டியது. விளக்கத்தைவிட அந்த மௌனமே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது, ஏனெனில் அதில் ஒரு மக்களின் கூச்சம் தெரிகிறது.

படி 5: இன்னோர் இனத்தோடு பயிற்சி செய்யுங்கள்

1987இல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் புதிய பகைவர்களாக அறிமுகமாகி எடுபடாமற்போன ஃபெரெங்கி வணிகர்களை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் முதலில் தோன்றிய 'தி லாஸ்ட் அவுட்போஸ்ட்' அத்தியாயத்தில் ஒரு ஃபெரெங்கியாக நடித்த ஆர்மின் ஷிமர்மன், 1993இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் குவார்க் என்ற மதுக்கடைக்காரராகத் திரும்பி வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து, முதல் படியின் கேள்விகளை மீண்டும் கேளுங்கள்.