ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி: எதிர்ப்பு சக்தியை நம்பும் பெற்றோர் செய்ய வேண்டியவை

"தாய்ப்பால் கொடுக்கிறோம், சத்தான சாப்பாடு கொடுக்கிறோம், பிறகு எதற்கு ஊசி?" என்று ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் தாய்மார்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது நியாயமான கேள்வி. கிராமங்களில் மணல்வாரி என்று சொல்லப்படும் தட்டம்மையை முன்வைத்தே அதற்குப் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

பருப்பும் கீரையும் முட்டையும் நல்ல உறக்கமும் குழந்தையின் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு வலுவூட்டுகின்றன. ஆனால் தட்டம்மை வைரஸ் எப்படி இருக்கும் என்பதை எந்த உணவும் அந்த அணுக்களுக்குக் கற்றுக்கொடுக்காது. அந்த வைரஸையோ அதன் வீரியம் குறைக்கப்பட்ட வடிவத்தையோ ஒருமுறை எதிர்கொண்ட பிறகுதான் உடல் அதற்குரிய எதிர்ப்பொருளை, அதாவது அந்தக் கிருமியை அடையாளம் கண்டு தடுக்கும் புரதத்தை, உருவாக்குகிறது. தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ்தான். எதிர்ப்பொருளை உருவாக்குவது குழந்தையின் சொந்த உடல். எனவே, ஊசியா இயற்கை எதிர்ப்பு சக்தியா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது சரியன்று.

நோய் ஒருமுறை வந்து போனால் ஆயுள் முழுவதும் எதிர்ப்பு சக்தி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் குழந்தை கொடுக்கும் விலை பெரிது. நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, கண்பார்வை பாதிப்பு, மூளை அழற்சி ஆகியவை மட்டுமல்ல. முந்தைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் அணுக்களையே தட்டம்மை வைரஸ் தாக்கி அழிக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நோய்க்குப் பிறகு அவர்கள் ஏற்கெனவே பெற்றிருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தது தெரியவந்தது. எதிர்ப்பு சக்தியை வளர்க்க விரும்பி நோயை வரவிடுபவர், உண்மையில் இருப்பதையும் பறிகொடுக்கிறார்.

குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைவடைந்ததும், தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். தட்டம்மை, ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில குழந்தைகளின் உடலில் ஒன்பதாம் மாதத்திலும் மிச்சமிருந்து ஊசியின் வேலையைத் தடுக்கும் என்பதால், இரண்டாம் தவணையைத் தவறவிடக் கூடாது. தேதி கடந்துவிட்டாலும் ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம். சாதாரணச் சளியோ இலேசான காய்ச்சலோ ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது. எடை குறைந்த குழந்தைக்குத்தான் இது இன்னும் அவசரம். எதிர்ப்பு சக்தியைக் கடுமையாகக் குறைக்கும் நோயோ சிகிச்சையோ உள்ள குழந்தைக்கும், முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை ஏற்பட்ட குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

ஊசி போடும் இடத்தில் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மருந்து சிறு குப்பியில் உலர்ந்த தூளாக இருக்கும்; அதனுடன் வரும் கரைப்பு நீரை ஊற்றிச் செவிலியர் கரைப்பார். குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்று பொருள். கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஆகவே எப்போது கரைத்தார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018இல் கரைப்பு நீருக்குப் பதிலாகத் தசைத்தளர்வு மருந்தைத் தவறுதலாகக் கலந்ததால் இரண்டு குழந்தைகள் இறந்தன. தவறு ஊசி மருந்தில் இல்லை என்றாலும் மக்களின் நம்பிக்கை உடைந்தது; ஊசி போடுவது வெகுவாகக் குறைந்தது. மறு ஆண்டே தட்டம்மை பரவி, சுமார் 2 லட்சம் பேர் வாழும் அந்நாட்டில் 83 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். அதனால்தான் கேள்வி கேளுங்கள், ஆனால் கேட்டுவிட்டு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒரு வாரம் கழித்து, அதாவது ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள், சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் இலேசான தடிப்பும் வரும். உடல் பாடம் கற்கும் காலம் அது. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து, தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும்.

ஒன்பதாம் மாத ஊசியோடு வைட்டமின் ஏ திரவமும் வாயில் ஊற்றப்படும். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றை வீட்டிலும் மசித்துக் கொடுங்கள். ஊசியால் வரும் பாதுகாப்புக்கு இவை மாற்று அல்ல, துணை.

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது தட்டம்மை கண்டால், ஊசி போடாத குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ வாய்ப்புண்டு. வாசலில் வேப்பிலை செருகுவதும் அம்மனை வேண்டுவதும் உங்கள் நம்பிக்கை. அதில் குறுக்கிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அம்மை கண்ட குழந்தைக்கு உணவைக் குறைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். நோயுற்ற குழந்தைக்கு இரண்டு நாள் தொடர்ந்து தரும் வைட்டமின் ஏ உயிர் காக்கும். அளவை மருத்துவர் முடிவு செய்வார். மூச்சுவிடத் திணறினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோயாளி வெளியேறிய பிறகும் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும் என்பதால், உள்ளே நுழையும் முன்பே குழந்தைக்கு அம்மை என்று வாசலில் சொல்லிவிடுங்கள். வரிசையில் இன்னும் ஒன்பது மாதம் நிறையாத கைக்குழந்தைகள் காத்திருப்பார்கள்.