புதுக் கல்லைப் பழக்காமல் அரைக்காதீர்கள்

அம்மியிலும் சிற்றுரலிலும் அரைக்கப் பழக வேண்டுமென்று சிலர் என்னிடம் வருகிறார்கள். தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். விரலை நசுக்கிக்கொள்வது, மிளகைத் தெறிக்க விடுவது போன்றவை இரண்டு நாளில் தாமாகவே சரியாகிவிடும்.

கல்லைப் பழக்காதது

புதிதாக வாங்கிய அம்மியையோ, கொத்தி வாங்கிய பழைய அம்மியையோ கழுவிவிட்டு உடனே அரைப்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உளி பட்டு உடைந்த துகள்கள் கொத்திய குழிகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் மேலே உள்ள தூசிதான் போகுமே தவிர, அந்தத் துகள்கள் குழவியின் அழுத்தத்தில்தான் பெயர்ந்து வரும். ஒருமுறை, அம்மி கொத்திய மறுநாளே எங்கள் வீட்டு விசேஷத்துக்கு இரண்டு கிலோ கறிக்கு மசாலா அரைத்தேன். மசாலா வழவழப்பாகவே தெரிந்தது. பந்தியில் முதல் வாய் வைத்த பெரியவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, எதுவும் பேசாமல் இலையை மடித்தார். கெட்டிக் குழம்பில் கலந்த கல்துகளை வடிகட்டவும் வழியில்லை, அவ்வளவையும் கொட்டினோம். சென்ற மாதம் என்னிடம் பழகும் ஒரு பெண் இதே போல ஒரு சட்டித் துவையலைக் கொட்டினாள். "கழுவினால் போதும்" என்று கடையில் சொன்னார்களாம். விற்பவர்களே இப்படிச் சொல்லி அனுப்புவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் காயவைத்த கல்லில் ஒரு கைப்பிடி பச்சரிசியைக் கல்லுப்போடு சேர்த்து, கல்லின் ஓரம் வரைக்கும் குழவியை ஓட்டி அரையுங்கள். முதல் மாவு சாம்பல் நிறத்தில் வரும். அதைக் கொட்டிவிட்டு, மாவு வெள்ளையாக வரும்வரை மறுபடி மறுபடி அரைக்க வேண்டும். பிறகு ஊறவைத்த அரிசியை அரைத்து, ஒரு துளியை முன்பற்களுக்கிடையே வைத்துக் கடித்துப் பாருங்கள். நறநறவென்றால் கல் இன்னும் பழகவில்லை. கடைசியாகப் பூண்டும் சீரகமும் அரைத்துக் கொட்டிவிட்டுக் கழுவினால் கல் சமையலுக்கு ஆயத்தமாகிவிடும்.

பித்தளை உரலில் புளி

புளிப்பு பட்டால் பித்தளையிலுள்ள செம்பு உணவில் இறங்கும் என்பதால், அதில் சுக்கு, மிளகு, ஏலக்காய் போன்ற உலர்ந்த சரக்குகளை மட்டும் இடியுங்கள். பளிங்கு உரலிலும் புளியோ எலுமிச்சையோ வேண்டாம். அந்தக் கல்லையே புளிப்பு அரித்துவிடும்.

வறுத்த சூட்டோடு இடிப்பது

ஆறட்டும்.

உரலை நிரப்புவது

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட்டால் அடியில் மாவாகும்போது மேலே முழுசாகவே சுற்றிக்கொண்டிருக்கும். இஞ்சி, பூண்டை இடிக்கும்போது ஒரு சிட்டிகை கல்லுப்பு சேர்த்தால் வழுக்காமல் மசியும்.

சோப்பு

வேண்டாம். கல்லின் நுண்துளைகளில் தங்கும் வாசனை அடுத்த சட்னியில் வரும். வெந்நீரும் நாரும் போதும். கழுவியபின் குழவியைத் தனியே எடுத்து வைத்து, இரண்டும் நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள்.