இன்ஜினியரிங் முதல் வருஷம்: விடுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கவுன்சிலிங் முடியும்வரை வீட்டில் கட்-ஆஃப் தவிர வேறு பேச்சே இருக்காது. சீட் உறுதியானதும் கல்லூரியிலிருந்து விடுதிப் படிவம் வந்து நிற்கும். ஏசியா, ஏசி இல்லாததா? இருவர் அறையா, நால்வர் அறையா? சைவ மெஸ்ஸா, அசைவ மெஸ்ஸா? இரண்டு மூன்று நாளில் பணம் கட்டச் சொல்வார்கள். அந்த அவசரத்தில் பலரும் கல்லூரி அனுப்பிய படங்களைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். படத்தில் எல்லா விடுதியும் பளிச்சென்றுதான் இருக்கும். தண்ணீர், மெஸ் பில், இரவு அட்டெண்டன்ஸ் இந்த மூன்றும்தான் உள்ளே போனபிறகு தினமும் உங்களைப் படுத்தும் அல்லது நிம்மதியாக விடும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து, இவற்றை எப்படி விசாரிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எது உங்கள் கையில் இருக்கிறது?

டிஎன்இஏ (தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சிலிங்) ஒதுக்கீட்டு ஆணை கல்லூரி சீட்டுக்கு மட்டும்தான். விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் விடுதி இடம் குறைவு என்பதால் தூரத்து ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேரும் வேளச்சேரிப் பையன் விடுதியை நம்பித் திட்டம் போடக் கூடாது.

சென்னை ஐஐடி விடுதிகளுக்கு காவேரி, கோதாவரி, நர்மதா என்று ஆறுகளின் பெயர்கள். திருச்சி என்ஐடியில் அகேட், ஜேட், ஓபல் என்று ரத்தினங்களின் பெயர்கள். பெயரைக் கேட்டு ஆசைப்பட்டுப் பயனில்லை. அங்கெல்லாம் முதல் வருஷத்தில் நிர்வாகம் ஒதுக்குவதுதான் உங்கள் விடுதி. அறை வகை, மெஸ் வகை என்று மாணவரே தேர்ந்தெடுக்கும் வசதி வேலூர் விஐடி மாதிரியான பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில்தான் அதிகம்.

‘எங்க பெரியம்மா பையன் மூணாவது வருஷம் படிக்கிறான், அவன் ரூம்லயே போட்டுடலாம்’ என்று நினைக்கும் பெற்றோர் நிறையப் பேர். அது நடக்காது. ராகிங் தடுப்புக்காக 2009-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிகள், முதல் வருஷ மாணவர்களை முடிந்தவரை தனி பிளாக்கில் வைக்கச் சொல்கின்றன.

அரசு வழிகளையும் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் வாங்கியிருந்தால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. கல்லூரி அலுவலகத்தில் தெரியாமல் பணம் கேட்டால், ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டிப் பேசிவிட்டு அப்புறம் யோசியுங்கள். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் நடத்தும் கல்லூரி மாணவர் விடுதிகளும் உண்டு. 2025-ல் இவற்றுக்கு சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். கட்டடத்தின் நிலை ஊருக்கு ஊர் வேறுபடும், நேரில் பார்க்காமல் சேர வேண்டாம்.

வெளியே பிஜி (பேயிங் கெஸ்ட், அதாவது தனியார் தங்குமிடம்) எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதல் வருஷம் வேண்டாம். புது ஊர், புதுப் பாடம், முதல் இன்டர்னல் தேர்வு எல்லாம் ஒன்றாக வரும்போது, பக்கத்து அறையில் அதே பைதான் கணக்கோடு முட்டிக்கொண்டிருக்கும் நாலு பேர் இருப்பது பெரிய உதவி. இரண்டாம் வருஷம் நண்பர்களோடு சேர்ந்து வீடு எடுத்தால் செலவும் குறையும். வேறு வழியே இல்லாமல் மகளுக்கு பிஜி பார்க்கிறீர்கள் என்றால், ஆட்சியர் தரும் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2014-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகளுக்கு அது கட்டாயம். இன்னொன்று: மாத வாடகை 20,000 ரூபாய்க்குள் இருந்து தொடர்ந்து 90 நாளாவது தங்கினால், 2024 ஜூலையிலிருந்து அந்த வாடகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

படி 2: மெஸ் பில் எப்படிப் போடுகிறார்கள்?

விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். மெஸ் பில் எந்த முறையில் வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பணம் கரைவது அங்கேதான்.

ஒரு முறையில் வருஷத்துக்கு மொத்தமாக வாங்கிவிடுவார்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதே தொகை. வாராவாரம் ஊருக்குப் போகும் திண்டிவனம் பையனுக்கு இது நஷ்டம்தான்.

இன்னொன்று டிவைடிங் சிஸ்டம். அரசுக் கல்லூரி விடுதிகளில் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த மாதம் அரிசி, காய்கறி, பால், கேஸ் என்று ஆன மொத்தச் செலவை, மாணவர்கள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு 300 பேர், 30 நாள், மொத்தச் செலவு 9 லட்சம் என்று வையுங்கள். 9,000 சாப்பாட்டு நாட்கள், ஆக ஒரு நாளைக்கு 100 ரூபாய். நீங்கள் 24 நாள்தான் சாப்பிட்டிருந்தால் ஏறத்தாழ 2,400 ரூபாய். ஏறத்தாழ என்று சொல்லக் காரணம், ஆட்கள் குறைந்தால் ஒரு நாள் கட்டணம் கொஞ்சம் ஏறும். செமஸ்டர் லீவ் வரும் மாதத்தில் பில்லைப் பார்த்துப் பலர் அதிர்ச்சியாவது இதனால்தான்.

இதில் சூட்சுமம், வராத நாட்கள் தானாகக் கழியாது. மெஸ் கட் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும், குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து போனால் கழிப்பார்கள் என்று கேளுங்கள். தொடர்ந்து மூன்று நாளாவது போனால்தான் கட் என்று விதி இருந்தால், சனி ஞாயிறு ஊருக்குப் போவதால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. சமையல்காரர் சம்பளம், மின்சாரத்துக்கென்று எஸ்டாப்ளிஷ்மென்ட் கட்டணம் தனியாக இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அது மெஸ் கட்டில் குறையாது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: விடுதி வாடகை, மெஸ், முன்வைப்புத் தொகை, துணி துவைக்க, மாதம் எத்தனை முறை ஊருக்குப் பேருந்து. கூட்டிப் பார்த்தால், குறைந்த கட்டணம் என்று நினைத்த விடுதி சில சமயம் அப்படி இருக்காது.

படி 3: காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்

அட்மிஷனுக்குப் போகும் நாளில் பதினொரு மணிக்கு விடுதியைச் சுற்றிக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் வகுப்பில் இருப்பார்கள், வராந்தா கழுவிக் காய்ந்திருக்கும். அதை வைத்து எதுவும் தெரியாது. முதல் நாள் இரவே அந்த ஊருக்குப் போய்த் தங்கி, காலை ஏழு மணிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். உள்ளே விடாவிட்டாலும் வாசலில் நிற்கும் மாணவர்களிடம் பேசலாம்.

கேட்க வேண்டியது, ஒரு தளத்தில் எத்தனை பேர், எத்தனை குளியலறை, அதில் எத்தனை வேலை செய்கிறது. எட்டரைக்கு முதல் பீரியட் என்றால் எல்லோரும் ஏழிலிருந்து எட்டுக்குள் குளித்தாக வேண்டும். கதவுக்கு வெளியே வாளிகள் வரிசையாக இருந்தால் ஆறு மணிக்கே எழுந்து பழகிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் தண்ணீர்: போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா, ஏப்ரலில் எத்தனை மணிக்கு நிற்கிறது? ‘தண்ணி வருமா?’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘போன ஏப்ரல்ல எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் வாளியின் உட்புறம் வெள்ளைப் படிவு காட்டிக்கொடுத்துவிடும்.

மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் கேட்காதீர்கள், அன்றைக்கு எங்கேயும் சிக்கன் இருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி என்ன போடுவார்கள் என்று கேட்டால் உண்மை தெரியும். எட்டே முக்காலுக்குப் போனால் இரவுச் சாப்பாடு மீதி இருக்குமா என்பதும் முக்கியம்.

படி 4: அறை

இருவர் அறைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இருவரில் ஒருவரோடு ஒத்துப்போகாவிட்டால் வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்க வேண்டும். மூன்று நான்கு பேர் இருந்தால் எப்படியோ ஓடிவிடும். ஆறு பேருக்கு மேல் போனால் படிப்பு நூலகத்தில்தான். ஏசி எடுப்பவர்கள் மின்கட்டணம் கட்டணத்துக்குள் அடங்குமா, மீட்டர் போட்டுத் தனியாகவா என்று மட்டும் கேட்டால் போதும்.

அறையில் மேசை எவ்வளவு பெரிது என்று பாருங்கள். கலைக் கல்லூரி மாணவருக்கு இது சின்ன விஷயம். உங்களுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்ற வரைபடப் பாடம் இருக்கிறது. ஏ2 தாள் 594 மில்லிமீட்டர் நீளம், 420 அகலம். அதை விரித்து, மேலே மினி டிராஃப்டர் என்ற வரைகருவியைப் பொருத்தினால் சின்ன மேசை முழுக்க நிறைந்துவிடும். சிலர் தரையில் குப்புறப் படுத்து வரைவார்கள், முதுகு போய்விடும். மேசை சின்னதாக இருந்தால், பொது வாசிப்பறை இருக்கிறதா, ராத்திரி எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் வீட்டிலிருந்து தூக்கிப் போக வேண்டாம், ரெய்டில் போய்விடும்.

படி 5: நேரக் கட்டுப்பாடு

பல கல்லூரிகளில் பெண்கள் விடுதியின் கேட் பையன்கள் விடுதியைவிட முன்னதாகவே மூடிவிடும். நூலகம் ஒன்பது மணிவரை, விடுதி அட்டெண்டன்ஸ் ஆறரைக்கு என்றால் அந்த நூலகம் யாருக்கு? ரோபோடிக்ஸ் கிளப், ஹேக்கத்தான் எல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான் நடக்கும். தாமத அனுமதி யாரிடம் வாங்க வேண்டும், துறை ஆசிரியர் கையெழுத்து போதுமா, ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போன் போகுமா என்று வார்டனிடமே கேட்டுவிடுங்கள். அவர் பதில் சொல்லும் தொனியிலேயே பாதி தெரிந்துவிடும். ஊருக்குப் போகும் ஹோம் பாஸ் எப்படி என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

படி 6: பணம் கட்டும் முன்

கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள், முடிந்தால் அதையே எடுங்கள். இடையில் காலி செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த சுற்று கவுன்சிலிங்கில் வேறு கல்லூரிக்கு மாற வாய்ப்பிருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. ‘பாத்துக்கலாம் சார்’ என்ற வாய்வார்த்தைக்கு ரசீது கிடையாது.

ராகிங் தடுப்பு உறுதிமொழியில் மாணவர், பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும். போடும்போதே 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை மகன் அல்லது மகளின் போனில் பதிந்துவிடுங்கள்.

அறை ஒதுக்கியதும் சாவி வாங்கும் முன் ஃபேன், விளக்கு, அலமாரிப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் உடைந்ததற்கெல்லாம் முன்வைப்புத் தொகையில்தான் கை வைப்பார்கள். அறை பிடிக்காவிட்டால் மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்கள்தான். கடைசித் தேதியை வார்டன் அலுவலக நோட்டீஸ் போர்டில் பார்த்து, அதற்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.