டிஸ்க் பிரேக் மாத்தியும் வண்டி நிக்கலையா? முதல்ல நிப்பிளைப் பாருங்க

பழைய அம்பாசடர்ல முன்னாடி டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் போட்டோம், இப்ப பிரேக் முன்னவிட மோசமா இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க, உடனே பேடை மாத்த ஓடாதீங்க. குனிஞ்சு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைப் பாருங்க, அதுல ஏர் எடுக்குற நிப்பிள் (பிரேக் ஆயில்ல மாட்டுன காத்தை வெளிய விடுற சின்ன திருகு) மேல்பக்கம் இருக்கணும். இடது வலது மாறி மாட்டியிருந்தா நிப்பிள் கீழ வந்துடும், அப்புறம் எத்தனை பாட்டில் பிரேக் ஆயில் ஊத்தி ஏர் எடுத்தாலும் மேல ஒரு காத்துக் குமிழி உக்காந்தே இருக்கும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். என் வண்டியிலயும் இதேதான், கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு.

பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலைன்னா அது வேற பிரச்சனை. டிரம்ல ஷூ (உள்ளயிருந்து டிரம்மை உரசி நிறுத்துற கட்டை) சக்கரம் சுத்துற வேகத்துல தானா இழுத்துப் பிடிக்கும், டிஸ்க்ல அந்த உதவியே கிடையாது, அதனாலதான் பூஸ்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது கிடைக்குற வேக்கும் (காத்தை உறிஞ்சுற இழுப்பு) வச்சு நம்ம மிதிக்கு பலம் சேர்க்குற டப்பா, வேணும்ங்கிறது. இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது நாலஞ்சு தடவை மிதிச்சுட்டு, காலை எடுக்காம அழுத்திக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலைன்னா வேக்கும் ஹோஸ்ல லீக் இருக்கா, அதுல இருக்குற ஒன்வே வால்வு சரியான்னு பாருங்க.

பூஸ்டரும் நல்லாருக்குன்னா மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுற சிலிண்டர்) போரை, அதாவது அதோட உள் விட்டத்தை, அளந்து பாருங்க. 1 இன்ச்சுக்கு பதிலா 7/8 இன்ச் போட்டா அதே மிதிக்கு பிரஷர் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடும், பெடல் மட்டும் கொஞ்சம் ஆழமா போகும். எது மாத்தினாலும் முதல் ஓட்டம் காலி கிரவுண்ட்லதாங்க, ரோட்டுல வேண்டவே வேண்டாம்.