கதவைத் தட்டிப் பாருங்கள்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகப் புனலூருக்கு வாரம் நான்கு முறை கார் ஓட்டுகிறேன். ஆரியங்காவு வளைவுகளில் பாட்டு தெளிவாகக் கேட்டால்தான் எனக்குப் பாதை ஓடும். உங்கள் காரிலும் பாட்டு சரியாகக் கேட்கவில்லையென்றால், புது ஸ்பீக்கர் வாங்குமுன் இதையெல்லாம் செய்து பாருங்கள்.

முதலில் ஸ்பீக்கர் இருக்கும் கதவு. வெளித் தகட்டை விரல் முட்டியால் தட்டும்போது டின் மாதிரி ஓசை வந்தால், பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அங்கேதான் கெடுகிறது. உள் அட்டையைக் கழற்றி, தகட்டின் உட்புறத்தை நன்றாகத் துடைத்து, தகட்டின் அதிர்வை அடக்கும் ரப்பர் மாதிரியான பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை அழுத்தி ஒட்டுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். தென்மலை மழைக்கு உள்ளே தண்ணீர் தேங்கித் துரு ஏறிவிடும்.

அப்புறம் வயர். என் காரில் பேஸே இல்லாமல் ஒரு மாதம் தவித்தேன். வலப்பக்க ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது. ஒன்று முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்க, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்டீரியோவின் பின்னால் ஸ்பீக்கர் வயரைப் பிரித்து, அதன் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸ் பிளஸ்ஸோடு சேர்ந்தால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைய வேண்டும்.

சரி, செட்டிங். கதவு ஸ்பீக்கருக்கு, மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஏற்றுவதைவிட, துருத்தி நிற்கும் ஒலியை இறக்குவது நல்லது. நான் தவில் கேட்டுத்தான் சரிபார்ப்பேன்: இடப்பக்கமான தொப்பியின் அடி கனமாக விழவேண்டும், வலப்பக்கமான வலந்தலை தனித்துத் தெறிக்கவேண்டும்.