மொட்டைமாடியில் கரி அளக்கலாம்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுத்துவிடும். அதில் மண் எவ்வளவு, புகைக்கரி எவ்வளவு? எடை போட்டுப் பயனில்லை; கடலூர்க் காற்றில் உப்புத்தூளும் உண்டு, தராசு எல்லாவற்றையும் சேர்த்தே காட்டும். ஆனால் கரி வெளிச்சத்தை விழுங்கும், உப்பு விழுங்காது. ஆய்வகங்களில் உள்ள எத்தலோமீட்டர் என்ற கருவி நம்பியிருப்பதும் இதைத்தான். நாமும் அதே வழியில் போவோம்.

வேண்டியவை: உறிஞ்சும் வாயும் ஊதும் வாயும் உள்ள 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், ட்யூப், கண்ணாடி இழை வடிதாள், டார்ச், சிவப்புக் கண்ணாடித்தாள், வெளிச்சத்தின் அளவை லக்ஸ் கணக்கில் காட்டும் ஆப் உள்ள போன்.

1. தாளைப் பொருத்துங்கள்

இரண்டு பாட்டில் மூடிகளில் 1 செ.மீ. ஓட்டை போட்டு, நடுவே வடிதாளை வைத்து இறுக்குங்கள். பம்பின் உறிஞ்சும் வாயை ஒரு பக்கத்தில் இணையுங்கள். காற்று தாள் வழியாக மட்டுமே போக வேண்டும். ஓரத்தில் கசிந்தால் கணக்கு கெட்டது.

2. காற்றை அளந்து பாருங்கள்

2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வாளித் தண்ணீருக்குள் கவிழ்த்து, பம்பின் ஊதும் ட்யூபை அதற்குள் விடுங்கள். 40 விநாடியில் பாட்டில் காலியானால் நிமிடத்துக்கு 3 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 180 லிட்டர், அதாவது 0.18 கன மீட்டர். தாள் பொருத்திய நிலையிலேயே இதைச் செய்யுங்கள்.

3. வெளிச்சத்தைப் பாருங்கள்

இருட்டறையில் டார்ச்சையும் போனையும் அசையாமல் நிறுத்தி, போனின் ஒளி உணரி மேல் முதலில் சுத்தமான தாளை வையுங்கள், அப்புறம் கரி படிந்ததை. டார்ச்சுக்குச் சிவப்புத்தாள் கட்டாயம். விறகுப் புகையில் கரியோடு வரும் பழுப்புப் பொருள்கள் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். சிவப்பில் பார்த்தால் பெரும்பாலும் கரி மட்டும் தெரியும்.

சுத்தத் தாளில் 400 லக்ஸ், ஒரு மணி நேரம் பம்ப் ஓட்டிய கரித்தாளில் 300 என்று வைத்துக்கொள்வோம். 400-ஐ 300-ஆல் வகுத்து, கால்குலேட்டரில் ln அழுத்தினால் 0.29. அதைத் தாள் வழியே போன காற்றான 0.18-ஆல் வகுத்தால் 1.6. இது மைக்ரோகிராம் அல்ல, ஒப்பிட்டுப் பார்க்கும் எண்தான். காலை, மாலை, இந்தத் தெரு, அந்தத் தெரு என்று ஒப்பிட இதுவே போதும் என்பது என் கட்சி. வெளிச்சம் பாதியாகக் குறையும் முன்பே தாளை மாற்றிவிடுங்கள். கறுத்த தாளில் மேலும் படியும் கரி குறைவாகத்தான் கணக்கில் ஏறும்.

ஒரு ஐப்பசி மழையில் எனக்கு வந்த விடை மைனஸ்! கரித்தாள் வழியே சுத்தத் தாளைவிட அதிக வெளிச்சம். அரை மணி நேரம் பம்பைத் திட்டிய பிறகுதான் உறைத்தது: வாழைக்காய் பஜ்ஜி வைத்த பேப்பர் எண்ணெயில் கண்ணாடி மாதிரி ஆகிறதே, அதுபோல ஈரத் தாளும் வெளிச்சத்தைக் கூடுதலாக விடும். இப்போது இரண்டு தாள்களையும் அரிசி போட்ட டப்பாவில் ஒரு இரவு மூடி வைத்த பிறகே அளக்கிறேன்.

4. மாதிரி போடுங்கள்

ஊரை ஒரு பெட்டியாக நினையுங்கள். புகை கலக்கும் உயரம்தான் பெட்டியின் கூரை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். உள்ளூர்க் கரியின் அடர்த்தி, உயரத்தையும் காற்று வேகத்தையும் பெருக்கிய எண்ணுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

விடியற்காலையில் கூரை 200 மீட்டர், காற்று விநாடிக்கு 1 மீட்டர் என்போம். பிற்பகலில் கூரை 1000, கடற்காற்று 4. பெருக்கினால் 200-க்கு 4000. அதே அளவு புகை விட்டாலும் பிற்பகலில் கரி இருபதில் ஒரு பங்காக வேண்டும், 1.6 என்பது 0.08 ஆக வேண்டும். ஆனால் தாள் 0.4 காட்டுகிறது என்றால்?

மிச்சம் வெளியூர்ச் சரக்கு. உள்ளூர்ப் பங்கு x, வந்த பங்கு y என்று எழுதுங்கள்: காலையில் x + y = 1.6; பிற்பகலில் x/20 + y = 0.4. தீர்த்தால் x சுமார் 1.26, y சுமார் 0.34. பிற்பகல் கரியில் பெரும்பகுதி காற்றோடு வந்தது! கடலிலிருந்து வீசும் காற்றெல்லாம் சுத்தமில்லை. கரி ஏறத்தாழ ஒரு வாரம் வரை காற்றில் மிதக்கும். 1999-இல் நடந்த இண்டோஎக்ஸ் ஆய்வு, இந்தியப் பெருங்கடலுக்கு மேலேயே கரி கலந்த புகைமூட்டத்தைக் கண்டது.

காலையும் பிற்பகலும் ஒரே அளவு புகை என்று எடுத்துக்கொண்டதுதான் இந்தக் கணக்கின் ஓட்டை. காலையில் டீக்கடை அடுப்பும் பஸ்ஸும் கூடுதல் என்றால் x-ஐப் பிற்பகலுக்கு இன்னும் குறைத்துப் போடுங்கள். வந்த காற்று எந்த வழியாக வந்தது என்று பார்க்க, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா நடத்தும் ஹைஸ்பிளிட் என்ற காற்றுப்பாதைக் கணிப்பு இணையத்தில் இலவசம்.

போகி விடியலில் அளப்பதாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தாள் என்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.